பிள்ளையின் நலனும் ஊர்க்கடையும்

சொந்தக் காணியில் கமம் செய்து வாழ்ந்த காலத்தில் எமது பிள்ளைகளின் உணவில் பெரும்பகுதி வீட்டைச் சுற்றியே கிடைத்தது. முற்றத்து முருங்கை, வேலியோரக் கீரை, கிணற்றடி வாழை, பட்டியில் நின்ற பசு, அடைகாத்த கோழி என்று பலவும் ஒரு குடும்பத்தின் போசாக்கைத் தாங்கி நின்றன. இடம்பெயர்வு இவை எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது. முகாமில் இருந்த நாட்களிலும், உறவினர் வீட்டில் ஒதுங்கிய நாட்களிலும், புதிய காணியில் கொட்டில் போட்டு மீண்டும் தொடங்கிய நாட்களிலும், உணவு என்பது கடையில் வாங்கவேண்டிய பொருளாக மாறிவிட்டது.

தாயும் தந்தையும் விடியற்காலையிலேயே கூலி வேலைக்குப் போகவேண்டிய வீடுகளில், காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பிள்ளையின் கையில் காசு கொடுக்கப்படுகின்றது. அந்தக் காசு பாடசாலைக்குப் போகும் வழியில் உள்ள கடைக்குப் போகின்றது. அங்கிருந்து பொரித்த உப்புப் பைக்கற்றாகவோ, பிஸ்கற்றாகவோ, நிறமூட்டிய இனிப்புப் பானமாகவோ பிள்ளையின் வயிற்றுக்குப் போகின்றது. ஆகவே, பிள்ளையின் உடல்நலம் பற்றிப் பேசும்போது தாயையும் ஆசிரியரையும் மாத்திரம் அழைத்துப் பேசினால் போதாது. கடைக்காரரையும் அழைக்கவேண்டும். பிள்ளைகளின் அளவுக்கு மிஞ்சிய உடற்பருமனைக் குறைப்பதற்கு உலகின் சில ஊர்கள் எடுத்த முயற்சிகளை ஆராயும்போது நாம் காணும் முக்கிய பாடம் இதுவே.

மெலிந்த பிள்ளைகளிடையே பருமன் பற்றிய பேச்சு ஏன்?

இக்கேள்வி நியாயமானது. 2016ஆம் ஆண்டு இலங்கையில் நடத்தப்பட்ட குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதிக நிறை உடையோர் நூற்றுக்கு 2 பேர் மாத்திரமே. ஆகவே சின்னஞ்சிறு வயதில் எமது நாட்டின் முதற் கவலை மெலிவுதான். இதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே அளவீட்டில், மணமுடித்த பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் அளவுக்கு அதிகமான நிறையுடன் காணப்பட்டனர். மெலிந்த பிள்ளையும் பருத்த தாயும் ஒரே கூரையின் கீழ் வாழலாம் என்பதை இது உணர்த்துகின்றது. பிரித்தானிய மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் 1980களின் பிற்பகுதியிலிருந்து வெளியிட்ட ஆய்வுகள் இன்னொரு உண்மையையும் உணர்த்தின. கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் போதிய போசாக்குப் பெறாதவர்களே பிற்காலத்தில் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் எளிதில் ஆளாகின்றனர். மெலிந்து பிறந்த பிள்ளை பின்னர் விரைவாகப் பருக்கும்போது இந்த ஆபத்து மேலும் கூடுகின்றது. யுத்த காலத்திலும் இடப்பெயர்விலும் பிறந்து வளர்ந்தவர்களைப் பெற்ற சமூகம் இதை அலட்சியம் செய்ய முடியாது.

இன்னுமொன்று: மெலிந்த பிள்ளையின் பசியைக் கெடுப்பதும், பருத்த பிள்ளையை மேலும் பருக்கச் செய்வதும் அதே பைக்கற்தான். சீனியும் உப்பும் எண்ணெயும் வயிற்றை நிரப்பும். இரத்தத்துக்குத் தேவையான இரும்பையோ, எலும்புக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்தையோ கொடுக்கமாட்டா. எனவே பருமனைக் குறைப்பதற்குக் கடையில் செய்யும் மாற்றம் மெலிவை நீக்கவும் உதவும்.

பாடசாலை மாத்திரம் போதவில்லை: பிரான்சின் இரு சிற்றூர்கள்

பிரான்சின் வடபகுதியில், லீல் நகருக்கு அண்மையில், புளோர்பே, லவான்ரி என இரு சிற்றூர்கள் உள்ளன. முதலாம் உலக யுத்தத்தின்போது போர்முனை இவற்றை ஒட்டியே கிடந்தது. வீடுகளும் வயல்களும் அழிந்தன. மக்கள் இடம்பெயர்ந்து, யுத்தம் முடிந்தபின் திரும்பிவந்து ஊரை மீளக் கட்டியெழுப்பினர். 1992இல், இரண்டையும் சேர்த்தாலும் ஏழாயிரம் பேரை எட்டாத இவ்வூர்களில், பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போசாக்குக் கல்வி வழங்கும் திட்டம் ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. எந்த உணவில் என்ன சத்து உண்டு என்பதைப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே கற்றனர்.

அத்திட்டத்தின் முதல் ஆண்டுகளில் பிள்ளைகளின் நிறை குறையவில்லை. பிரான்சின் ஏனைய இடங்களைப் போலவே கூடிக்கொண்டுதான் சென்றது. அறிவு கூடியது, உடல் மாறவில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து முயற்சி பாடசாலை மதிலைத் தாண்டி வெளியே வந்தது. நகரசபைகள் விளையாட்டு வசதிகளை அமைத்தன. உடற்பயிற்சி ஆசிரியர்களையும் போசாக்கு ஆலோசகர்களையும் வேலைக்கமர்த்தின. நடந்தே பாடசாலைக்குச் செல்லும் நாட்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. ஊர் வைத்தியர்கள், மருந்துக் கடைக்காரர்கள், ஏனைய கடைக்காரர்கள், விளையாட்டுக் கழகங்கள், கலாசாரச் சங்கங்கள் ஆகிய அனைவரும் குடும்பங்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்தத் தொடங்கினர்.

2004இல் இவ்வூர்ப் பிள்ளைகளிடையே அதிக நிறையுடையோர் விகிதம் மீண்டும் 1992இல் இருந்த நிலைக்கு இறங்கியிருந்தது. அவ்வாண்டு இங்கு நூற்றுக்கு 8.8 பேர் அதிக நிறையுடன் காணப்பட, ஒப்பீட்டுக்கென எடுக்கப்பட்ட அயலிலுள்ள வேறு இரு ஊர்களில் நூற்றுக்கு 17.8 பேர் அவ்வாறு காணப்பட்டனர். அந்த ஒப்பீட்டு ஊர்களில் 2004இல் மாத்திரமே அளவிடப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஆகவே வித்தியாசம் முழுவதும் இத்திட்டத்தினால் வந்தது என்று அறுதியிட்டுக் கூற முடியாது. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுமையுடன் உழைத்த இரு சிற்றூர்களின் அனுபவம், தனியே பாடசாலையில் நடத்தும் பாடத்துக்கும் முழு ஊரும் சேர்ந்து எடுக்கும் முயற்சிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது.

பழத்தைக் கடையில் வைத்தால் மாத்திரம் போதவில்லை: பிலடெல்பியா

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வறிய மக்கள் வாழும் பகுதிகளில், பாடசாலைகளுக்கு அருகே இருந்த சிறு கடைகளில் பிள்ளைகள் என்ன வாங்குகின்றனர் என்று ஆராய்ந்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரையான பிள்ளைகளில் அரைவாசிக்கு மேற்பட்டோர் பாடசாலை நாட்களில் தினமும் கடைக்குச் சென்றனர். ஒரு தடவைக்குச் சராசரியாக 1 டொலர் 7 சதம் செலவிட்டு, ஏறத்தாழ 356 கலோரி கொண்ட பொருட்களை வாங்கினர். பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் நாளாந்தத் தேவையில் இது கிட்டத்தட்ட ஐந்திலொரு பங்கு. வாங்கியவற்றில் முன்னணியில் இருந்தவை உருளைக்கிழங்குப் பொரியல், இனிப்பு வகை, சீனிப் பானம் என்பனவே.

'ஃபூட் ட்ரஸ்ட்' என்ற தொண்டு நிறுவனம் இக்கடைக்காரர்களிடம் சென்றது. பழங்களையும் நல்ல சிற்றுண்டிகளையும் விற்கும்படி அவர்களை ஊக்குவித்து, அதற்கான பயிற்சியும் உதவியும் வழங்கியது. பாடசாலைகளில் போசாக்குப் பாடமும் நடந்தது. ஆனால் இரண்டு ஆண்டுகளின் பின் ஆராய்ந்தபோது, பிள்ளைகள் வாங்கிய கலோரியின் அளவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

இதிலிருந்து நாம் என்ன விளங்கிக்கொள்ளலாம்? பழம் கடைக்கு வந்தது. ஆனால் மலிவான பைக்கற் முன்பு இருந்த இடத்திலேயே, பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் உயரத்தில் தொங்கியது. கையில் இருந்த காசும் அதே காசு. நல்லதைச் சேர்ப்பதோடு நின்றுவிடாமல், தீயதைப் பின்தள்ளவும் வேண்டும். காசைக் கொடுக்கும் பெற்றோரும் இதில் சேரவேண்டும். கடைக்காரர் ஒருவரின் தலையில் முழுப் பாரத்தையும் சுமத்தினால் வண்டி நகராது.

எல்லோரும் சேர்ந்த இடம்: சமர்வில்

பொஸ்ரன் நகருக்கு அயலில் உள்ளது சமர்வில். எல் சல்வடோரின் உள்நாட்டு யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர்கள், ஹெயிட்டியிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்தவர்கள் எனப் பெருந்தொகையான புலம்பெயர்ந்தோர் வாழும் தொழிலாளர் நகரம் அது. 2002இல் டஃப்ற்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்ரினா எக்கொனோமொஸ் தலைமையில் அங்கு ஒரு முயற்சி தொடங்கியது. முதலாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரையான பிள்ளைகளே அதன் மையம். ஆனால் வேலை நடந்தது நகரம் முழுவதிலும்.

பாடசாலை உணவில் பழமும் மரக்கறியும் கூட்டப்பட்டன. பிள்ளைகள் நடந்து செல்லும் வீதிகளில் கடவைகள் மீண்டும் வர்ணம் பூசப்பட்டன. வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பெற்றோருக்கான செய்திகள் அவரவர் மொழியிலேயே அனுப்பப்பட்டன. நகர முதல்வரும் இதைத் தமது வேலையாக ஏற்றுக்கொண்டார்.

இதன் ஒரு பகுதியாகவே நகரத்தின் சாப்பாட்டுக் கடைகள் அழைக்கப்பட்டன. அவற்றிடம் கேட்கப்பட்டவை பெரிய காரியங்கள் அல்ல: கொழுப்புக் குறைந்த பால் வகைகளை வைத்திருத்தல், சில உணவுகளைச் சிறிய அளவிலும் பரிமாறுதல், பக்க உணவாகப் பழமோ மரக்கறியோ கொடுத்தல், நல்ல உணவு எது என்பதைக் கண்ணில் படும்படி எழுதி வைத்தல். இவற்றை ஏற்ற கடைக்கு அங்கீகார அடையாளம் ஒன்று வழங்கப்பட்டது. அந்த அடையாளம் கடைக்கு நற்பெயரையும் தேடித் தந்தது.

அங்கும் எல்லாக் கடைக்காரரும் சம்மதிக்கவில்லை. நேரமில்லை என்றனர் சிலர். சேர்ந்தோரிலும் எல்லா நிபந்தனைகளையும் தொடர்ந்து காப்பாற்ற முடியாமற் போனவர்கள் உண்டு. இருந்தும் முதலாவது பாடசாலை ஆண்டின் முடிவில், ஒப்பீட்டு நகரங்களைவிட சமர்வில் பிள்ளைகளின் நிறை கூடும் வேகம் குறைந்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இது ஏறத்தாழ அரைக் கிலோ குறைவு. அரைக் கிலோவா என்று ஏளனம் செய்யவேண்டியதில்லை. ஒரு பிள்ளையையும் பட்டினி போடாமல், ஒரு பிள்ளையையும் வெட்கப்படுத்தாமல், ஒரு நகரத்துப் பிள்ளைகள் அனைவரிடமும் ஒரே ஆண்டில் ஏற்பட்ட மாற்றம் அது.

பெரிய நிறுவனங்கள் தரும் கை

ஊர்க்கடை வேறு, பெரும் உணவு நிறுவனம் வேறு. பிரான்சின் அவ்விரு சிற்றூர்களின் அனுபவத்தைக் கொண்டு, 2004இல் 'எப்போட்' என்ற பெயரில் பத்து நகரங்களுக்கு அம்முயற்சி விரிவுபடுத்தப்பட்டது. அதற்கான நிதியில் ஒரு பகுதியைப் பெரும் உணவு நிறுவனங்களும் கொடுத்தன. திட்டத்தின் உள்ளடக்கத்தில் அவை தலையிடக்கூடாது, தம் பொருட்களை இதன்மூலம் விளம்பரப்படுத்தக்கூடாது என்று உடன்படிக்கை செய்யப்பட்டது. அப்படியிருந்தும், பிள்ளைகளைப் பருக்கச் செய்யும் பொருட்களை விற்போரிடமே பணம் வாங்கலாமா என்ற கண்டனம் ஓயவில்லை.

எமது கிராமங்களில் இக்கேள்வி வேறு உருவில் வருகின்றது. விளையாட்டுப் போட்டிக்குப் பந்தலும், வெற்றிக் கிண்ணமும், இலவச மென்பானமும் தர ஒருவர் முன்வருவார். பாடசாலை மதிலில் வர்ணம் பூசித் தந்து, அதிலே தம் பொருளின் படத்தையும் வரைந்துவிடுவார். கை நீட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம்: பிள்ளைகள் முன்னால் எந்தப் பொருள் காட்டப்படும்? முடிவெடுப்பது யார்? அந்தப் பணம் இல்லாமல் இதை எளிமையாகச் செய்ய முடியாதா? ஊர்க்கடைக்காரர் தருகின்ற ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு குடம் மோரும் விளையாட்டுப் போட்டிக்குப் போதும்.

சட்டம் தரும் உதவி

இலங்கையில் 2016 ஓகஸ்ட் மாதத்திலிருந்து இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 கிராமுக்கும் 11 கிராமுக்கும் இடையில் செம்மஞ்சள். 2 கிராமிலும் குறைந்தால் பச்சை. 2017இல் சீனியின் அளவுக்கேற்ப இப்பானங்கள்மீது வரியும் விதிக்கப்பட்டது. 2019இல் திண்ம உணவுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு ஆகியவற்றைக் காட்டும் நிற அடையாள விதிகள் கொண்டுவரப்பட்டன.

சிவப்பு என்றால் என்ன? 100 மில்லிலீற்றரில் 11 கிராம் என்று வைத்துக்கொண்டாலே, 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் 44 கிராம் சீனி இருக்கும். அதாவது ஏறத்தாழ பதினொரு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு அறிவுரையின்படி, பத்து வயதுப் பிள்ளை ஒருநாள் முழுவதிலும் தாண்டக்கூடாத எல்லை கிட்டத்தட்ட இதுவேதான். எழுத வாசிக்கத் தெரியாத பாட்டியும் நிறத்தை அறிவார். ஆகவே இது எளிய மக்களுக்கென்று உள்ள சட்டம். அதை நாம்தான் பயன்படுத்த வேண்டும்.

கடைக்காரரோடு எப்படிப் பேசுவது?

கடைக்காரர் எமது எதிரி அல்லர். அநேக இடங்களில் அவரும் எம்மைப்போல் இடம்பெயர்ந்தவரே. கூலி கிடைக்காத வாரத்தில் அரிசியும் பருப்பும் கடனுக்குத் தருபவர் அவர். அவர் ஏன் பைக்கற்றை விரும்புகின்றார் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பைக்கற் மாதக்கணக்கில் தொங்கும். வாழைப்பழம் மூன்றாம் நாள் கறுத்துவிடும். பைக்கற்றைக் கொண்டுவரும் வாகனம் கடைவாசலுக்கே வரும்; முருங்கைக்காயையும் கடலையையும் கொண்டுவர ஒருவரும் இல்லை. நட்டத்தை அவர் தனியாகத் தாங்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது நீதியல்ல.

எனவே கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, பாடசாலைப் பெற்றோர் ஆகியோர் குடும்பநல உத்தியோகத்தரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் சேர்த்துக்கொண்டு கடைக்காரரோடு ஒரே பாயில் இருந்து பேசவேண்டும். அப்பேச்சில் பின்வருவனவற்றை முன்வைக்கலாம்:

1. அவித்த கடலை, சுண்டல், எள்ளுருண்டை, இலைக்கஞ்சி, மோர், பழம் என்பவற்றை மாதர் குழுக்கள் காலையில் கடைக்குக் கொடுக்கலாம். விற்காததைக் குழுவே திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று உறுதி கூறினால் கடைக்காரருக்கு நட்டப்பயம் நீங்கும். வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது சிறு வருமானமும் ஆகும்.

2. பைக்கற்றுகளையும் சிவப்பு அடையாளமிட்ட பானங்களையும் பின்தட்டில் வைத்து, பழத்தையும் கடலையையும் முன்னால் வைக்கும்படி கேட்கலாம். இதற்குச் செலவு எதுவுமில்லை.

3. சில்லறை இல்லையென்று மிச்சக் காசுக்கு ரொபி கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தும்படி வேண்டலாம். கொப்பியில் எழுதி மறுநாள் கழித்துக்கொள்ளலாம்.

4. குடும்பக் கடன் கொப்பியில் பிள்ளைகள் தனியே வந்து இனிப்பும் பைக்கற்றும் வாங்குவதைப் பதியவேண்டாம் என்று பெற்றோரே கூட்டாகச் சொல்லலாம். கடைக்காரர் தனித்து மறுத்தால் அவர்மீது கோபம் வரும். பெற்றோர் சேர்ந்து முடிவெடுத்தால் ஒருவருக்கும் மனத்தாங்கல் இராது.

5. இவற்றைச் செய்யும் கடையைப் பாடசாலை விழாவிலும் சங்கக் கூட்டத்திலும் பெயர்சொல்லிப் பாராட்டலாம். பாடசாலைக்கும் முன்பள்ளிக்கும் தேவையான பொருட்களை அங்கேயே வாங்கலாம். கடைக்கு இலாபம் இல்லாத உடன்பாடு நீண்டநாள் நிலைக்காது.

ஊரில் இரண்டு, மூன்று கடைகள் இருந்தால் எல்லோரையும் ஒரேநாளில் அழைக்கவேண்டும். ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்துக்கொண்டால் நல்ல மனமுள்ளவரே நட்டப்படுவார்.

கவனிக்கவேண்டிய இரண்டு

முதலாவது, எந்தப் பிள்ளையையும் "குண்டன்", "குண்டி" என்று பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்ய இடங்கொடுக்கக்கூடாது. நாணமடைந்த பிள்ளை விளையாட்டை விட்டு ஒதுங்கும், ஒளித்துச் சாப்பிடும். மாற்றம் கடையிலும் சமையலறையிலும் விளையாட்டுத் திடலிலும் வரவேண்டுமேயொழிய, பிள்ளையின்மீது குற்றம் சுமத்துவதால் வராது.

இரண்டாவது, பருமன் என்ற பயத்தில் வளரும் பிள்ளைக்குச் சோற்றையும் பாலையும் முட்டையையும் குறைக்கக்கூடாது. மெலிந்த பிள்ளைக்கு நல்ல எண்ணெயும் பருப்பும் தாராளமாகத் தேவை. எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்பதை நிறையும் உயரமும் அளந்து குடும்பநல உத்தியோகத்தரும் வைத்தியருமே சொல்லவேண்டும். கடையில் நாம் குறைக்கச் சொல்வது வெறும் சீனியையும் உப்பையும் பொரியலையுமே.

இழந்த காணியையும் தோட்டத்தையும் மீட்பதற்கான முயற்சி நீண்டது. அதன் முடிவு எமது கையில் மாத்திரம் இல்லை. ஆனால் எமது பிள்ளைகள் நாளைக் காலையில் கடைவாசலில் எதைக் காண்பார்கள் என்பது பெரும்பாலும் எமது கையிலும், எம்மோடு வாழும் கடைக்காரரின் கையிலும் உள்ளது. அந்தச் சிறிய இடத்திலிருந்து தொடங்குவோம்.

உங்கள் சங்கத்தில் கலந்துரையாட:

எமது பிள்ளைகள் ஒரு வாரத்தில் கடையில் செலவிடும் காசு எவ்வளவு? அக்காசுக்கு வீட்டில் எதைச் செய்து கொடுக்க முடியும்?

எமது ஊர்க்கடைக்கு நாமே விளைவித்துக் கொடுக்கக்கூடிய மூன்று உணவுகள் எவை? விற்காததை யார் பொறுப்பேற்பது?

கடைக்காரர்களை எப்போது, எவ்விடத்தில் சந்திப்பது? அவர்களிடம் கேட்பதற்கு முன் நாம் அவர்களுக்குக் கொடுக்கக்கூடிய வாக்குறுதி என்ன?